ஒரு கையால் எழுதிய சட்டங்கள்

(இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

    

சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் நாம் ஆள் அனுப்புகிறோம். அனுப்பிய பிறகு அவரிடம் என்ன கேட்கிறோம்? தெருவுக்குத் தார்ச்சாலை கேட்கிறோம். கபரஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் கேட்கிறோம். மகனுக்குக் கல்லூரியில் இடம் கேட்கிறோம். காவல் நிலையத்திற்கு ஒரு போன் போடச் சொல்கிறோம். கேட்பதில் தவறில்லை. ஆனால் நாம் கேட்கும் இவற்றில் ஒன்றுகூட சட்டம் இயற்றும் வேலை அல்ல என்பதை என்றைக்காவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

சட்டம் இயற்றும் வேலை என்றால் என்ன என்பதை ஒரு மனிதரின் கதையைக் கொண்டு சொல்ல வந்திருக்கிறேன். அவர் நம் நாட்டவர் அல்லர். நம் சமுதாயத்தவரும் அல்லர். அமெரிக்காவைச் சேர்ந்தவர். பெயர் பாப் டோல். 1961 முதல் 1996 வரை 35 ஆண்டுகள் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் இருந்தார். முதல் எட்டு ஆண்டுகள் பிரதிநிதிகள் சபையில்; பிறகு செனட் சபையில். குடியரசுக் கட்சிக்காரர். 1996-ல் ஜனாதிபதி தேர்தலில் கிளிண்டனை எதிர்த்து நின்று தோற்றார். 2021 டிசம்பர் 5 அன்று 98-வது வயதில் காலமானார்.

அவரைப் புகழ்ந்து பாட நான் வரவில்லை. நம் நெஞ்சைப் புண்படுத்திய காரியமும் அவர் கணக்கில் இருக்கிறது. அதையும் சொல்வேன். வரவையும் செலவையும் சேர்த்து எழுதினால்தான் அது கணக்கு. இதை வணிகர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

சுருட்டுப் பெட்டியில் சேர்ந்த பணம்

கான்சாஸ் மாநிலத்தில் ரஸ்ஸல் என்ற சிற்றூர். அங்கே 1923-ல் பிறந்தார் டோல். தந்தை பாலாடையும் முட்டையும் வாங்கி விற்ற சிறு வியாபாரி. தாய் தையல் இயந்திரம் விற்றவர். 1930-களில் பஞ்சமும் புழுதிப் புயலும் வந்தபோது, அந்தக் குடும்பம் தன் வீட்டையே வாடகைக்கு விட்டுவிட்டு, அதன் நிலவறையில் போய் வாழ்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் இளைஞர் டோல் இத்தாலியில் போரிட்டார். 1945 ஏப்ரல் 14. போர் முடிய மூன்று வாரமே பாக்கி. அன்று பட்ட அடியில் வலது தோள் சிதறியது, முதுகெலும்பு முறிந்தது. கழுத்துக்குக் கீழே அசைவில்லை. சுமார் ஒன்பது மணி நேரம் போர்க்களத்திலேயே கிடந்தார். 88 கிலோ இருந்த உடல் 55 கிலோவாக வற்றியது. மூன்று ஆண்டுகளுக்கும் மேல் மருத்துவமனை வாழ்க்கை. எழுந்தார், நடந்தார். ஆனால் வலது கை மட்டும் திரும்பி வரவேயில்லை.

சிகாகோவில் ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். கெலிகியன் என்று பெயர். அகதியாக அமெரிக்கா வந்த ஆர்மீனியர். டோலுக்குப் பல முறை அறுவை சிகிச்சை செய்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். மருத்துவமனைச் செலவு இருக்கிறதே! ரஸ்ஸல் ஊர் மருந்துக் கடையில் ஒரு சுருட்டுப் பெட்டியை வைத்தார்கள். வந்தவர்கள் தங்களால் இயன்றதைப் போட்டார்கள். 1,800 டாலர் சேர்ந்தது. போட்டவர்கள் யார்? பெரும் பணக்காரர்கள் அல்லர். விவசாயிகளும் கடைக்காரர்களும் சில்லறையாகப் போட்ட காசு அது.

அன்று முதல் சாகும்வரை டோல் தமது வலக்கையில் ஒரு பேனாவைச் செருகி வைத்திருப்பார். எழுதுவதற்கு அல்ல. யாரும் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்க வந்துவிடக் கூடாது என்பதற்காக! படிப்பதும் எழுதுவதும் இடக்கையால்தான். அந்தக் கையிலும் முழு உணர்வு இல்லை. காலையில் சட்டைப் பொத்தான் மாட்டுவதே பெரும்பாடு. இப்படிப்பட்ட மனிதர்தான் சட்டம் எழுதப் போனார்.

முதல் பேச்சு

1969-ல் செனட் சபைக்குள் நுழைந்தார். முதன்முதலாகப் பேச எழுந்த நாள் எது தெரியுமா? ஏப்ரல் 14. தாம் அடிபட்டு விழுந்த அதே நாளைத் தேர்ந்தெடுத்தார். எடுத்துக்கொண்ட பொருள் ஊனமுற்றோர் நிலை. அன்றைக்கு இச்சொல்தான் வழக்கில் இருந்தது. இன்று மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். இந்தக் கூட்டத்தில் யாரும் விரும்பிச் சேர்வதில்லை, பணமோ படிப்போ பார்த்து இதில் ஆள் சேர்ப்பதில்லை, இதே தேதியில் நானும் இதில் சேர்ந்தவன் என்ற கருத்தில் பேசினார். அரசும் தனியாரும் இவர்களுக்காக என்ன செய்கிறார்கள் என்று ஆராய ஒரு குழு அமைக்கும்படி ஜனாதிபதியைக் கேட்டுக்கொண்டார்.

அந்த நாளில் அமெரிக்காவின் நிலை என்ன? உலகத்திற்கே நாகரிகம் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லிக்கொண்ட அந்த நாட்டில், 1970 வாக்கில், குறைபாடு உள்ள குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுக்குத்தான் பள்ளிக்கூடம் கிடைத்தது. காது கேளாத பிள்ளை, பார்வை இல்லாத பிள்ளை, மனவளர்ச்சி குன்றிய பிள்ளை ஆகியோரை வாசலிலேயே தடுத்து நிறுத்தும் சட்டங்கள் பல மாநிலங்களில் இருந்தன. பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். 1971-லும் 1972-லும் பென்சில்வேனியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் தீர்ப்புகள் வாங்கினார்கள். அதன்பிறகே நாடாளுமன்றம் அசைந்தது. 1975 நவம்பர் 29 அன்று ஜனாதிபதி ஃபோர்டு ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். எந்தக் குறை இருந்தாலும் எந்தக் குழந்தைக்கும் தகுந்த கல்வி இலவசமாகத் தரப்பட வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகக் கல்வித் திட்டம் எழுத வேண்டும். எழுதும்போது பெற்றோரும் உடனிருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

இது டோல் ஒருவருடைய சாதனை அல்ல. பலர் சேர்ந்து இழுத்த தேர் அது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு பாடம் இருக்கிறது. கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை மைய அரசு தரும் என்று எழுதினார்கள். அரை நூற்றாண்டு ஆகியும் அந்த அளவை ஒரு முறைகூட எட்டவில்லை. உரிமையை எழுதிவிட்டுப் பணத்தை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

படித்து முடித்த பிள்ளை வேலைக்குப் போக வேண்டுமே! உதவித்தொகை வாங்கும் மாற்றுத்திறனாளி ஒருவர் வேலையில் சேர்ந்தால், அவருக்குக் கிடைத்து வந்த மருத்துவ உதவி நின்றுவிடும். இதற்கு அஞ்சியே பலர் வீட்டில் முடங்கிக் கிடந்தார்கள். 1986-ல் டோல் முன்னின்று இதை மாற்றினார். அதே ஆண்டில், மாற்றுத்திறனாளியை ஏற்ற மறுக்கவோ பாகுபாடு காட்டவோ விமான நிறுவனங்களுக்கு உரிமை இல்லை என்ற சட்டத்தையும் கொண்டுவந்தார். 1990-ல் மாற்றுத்திறனாளிகளுக்கான பெருஞ்சட்டம் வந்தது. கடையின் வாசற்படி, பேருந்து, தொழிற்சாலை எல்லாவற்றையும் தொட்ட சட்டம் அது. அதை முன்னின்று கொண்டுவந்தவர் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் டாம் ஹார்கின். அவருடைய அண்ணன் காது கேளாதவர். செனட் சபையில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்த டோல் அதற்குத் தோள் கொடுத்தார். எதிர்க்கட்சி கொண்டுவந்தது என்பதற்காக அதைக் கவிழ்க்கப் பார்க்கவில்லை.

எதிர்த்து வாக்களித்தவரே கதவைத் திறந்தார்

இனி, மரணப் படுக்கையில் இருப்பவர்களின் விஷயத்திற்கு வருவோம்.

65 வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவக் காப்பீடு தரும் மெடிகேர் திட்டம் 1965-ல் அமெரிக்காவில் வந்தது. அப்போது பிரதிநிதிகள் சபையில் இருந்த டோல் அதை எதிர்த்து வாக்களித்தார். வாக்களித்தது மட்டுமல்ல, முப்பது ஆண்டு கழித்து 1995-லும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். இது அவர் கணக்கில் செலவுப் பக்கம்.

வரவுப் பக்கத்தைப் பாருங்கள். 1967-ல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண் மருத்துவர், நோய் முற்றியவர்களுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். ஹாஸ்பிஸ் என்று பெயர். இனி நோயைக் குணப்படுத்த முடியாது. ஆனால் வலியைப் போக்க முடியும், மூச்சுத் திணறலைத் தணிக்க முடியும், குடும்பத்தாருக்குத் துணை நிற்க முடியும் என்பதே அதன் தத்துவம். 1974-ல் இது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திற்கு வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் காசு? நோயாளி மருத்துவமனையில் படுத்து இயந்திரங்களோடு கிடந்தால் மெடிகேர் பணம் தரும். வீட்டில் தன் மக்கள் மத்தியில் நிம்மதியாகச் சாக விரும்பினால் ஒரு காசு தராது!

1981-ல் டோல் செனட் நிதிக்குழுவின் தலைவரானார். மெடிகேர் அந்தக் குழுவின் கையில்தான் இருந்தது. ஹாஸ்பிஸ் பராமரிப்புக்கும் காப்பீடு தர வேண்டும் என்ற மசோதாவை செனட் சபையில் அவரே கொண்டுவந்தார். பிரதிநிதிகள் சபையில் அதைக் கொண்டுவந்தவர்கள், ஜனநாயகக் கட்சியின் லியோன் பனெட்டாவும் குடியரசுக் கட்சியின் பில் கிராடிசனும். அரசு செலவைக் குறைக்கத் துடித்த ரீகன் காலம் அது. புதிய செலவு என்றாலே கதவைச் சாத்துவார்கள். வீட்டில் வைத்துப் பார்த்தால் மருத்துவமனைச் செலவைவிடக் குறையும் என்று கணக்குக் காட்டினார்கள். 1982 செப்டம்பரில், செலவைக் குறைக்கவென்றே வந்த வரிச் சட்டத்துக்குள் இதுவும் இடம்பிடித்தது. 1983 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

அன்பர்களே, அந்தச் சட்டம் எவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டது என்பதைக் கவனியுங்கள். ஆறு மாதத்திற்கு மேல் உயிரோடிருப்பது கடினம் என்று மருத்துவர் சான்றளிக்க வேண்டும். அந்த நோய்க்கான குணப்படுத்தும் சிகிச்சை வேண்டாம் என்று நோயாளி தாமே சம்மதிக்க வேண்டும். பிறகு மருத்துவர், செவிலியர், மருந்து, கட்டில் எல்லாம் வீடு தேடி வரும். மருந்துக்கு நோயாளி தரும் பங்கு 5 டாலருக்கு மேல் போகக் கூடாது. பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோன குடும்பத்தார் மூச்சுவிட, ஐந்து நாள் வரை நோயாளியை நிலையத்தில் வைத்துக் கவனிப்பார்கள். இறந்த பிறகும் ஓராண்டு வரை குடும்பத்தாருக்கு ஆறுதல் பணி தொடர வேண்டும். இன்னொன்றும் உண்டு. பராமரிப்பு நேரத்தில் குறைந்தது 5 சதவீதத்தை ஊதியம் வாங்காத தொண்டர்கள் செய்தாக வேண்டும்! சேவை மனம் வற்றிப்போய் வெறும் தொழிலாகிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வரி.

முதலில் 1986 வரை என்று காலக்கெடு வைத்துத்தான் இதை நிறைவேற்றினார்கள். நடந்து காட்டிய பிறகு 1986-ல் நிரந்தரமாக்கினார்கள். 2022-ல் மட்டும் 17 லட்சம் பேர் இந்தப் பராமரிப்பைப் பெற்றார்கள். அவ்வாண்டில் இறந்த மெடிகேர் பயனாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இதன் நிழலில்தான் கண் மூடினார்கள். 1965-ல் எந்தத் திட்டத்தை எதிர்த்தாரோ, அந்தத் திட்டத்தின் கதவையே சாகக் கிடந்தவர்களுக்காக டோல் திறந்துவிட்டார்.

குறையும் உண்டு. நாள் கணக்கில் அரசு பணம் தருவதைக் கண்டு லாப நிறுவனங்கள் உள்ளே புகுந்தன. இன்று அங்குள்ள ஹாஸ்பிஸ்களில் பெரும்பாலானவை லாபத்திற்கு நடப்பவை. சாகாதவரைச் சாகப்போகிறவர் என்று காட்டிப் பணம் பறித்த வழக்குகளும் வந்தன. எந்தச் சட்டமும் எழுதியவுடன் முடிந்துவிடுவதில்லை. காவல் இல்லாத தோட்டத்தில் ஆடு புகத்தான் செய்யும்.

கோதுமையும் கோரிக்கையும்

மூன்றாவது, வெளிநாட்டு உதவி. இதில் நம் நாடும் வருகிறது.

1965-ல் பருவமழை பொய்த்தது. 1966-லும் பொய்த்தது. பீகாரில் பஞ்சம். பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வந்த கோதுமையை நம்பி இந்தியா நின்றது. ரேஷன் கடை வரிசையில் நின்ற பெரியவர்கள் இங்கே இருப்பீர்கள். ஜனாதிபதி ஜான்சன் கப்பல்களை மாதக் கணக்கில் அளந்து அளந்து விட்டார். விவசாயக் கொள்கையை மாற்று, வியட்நாமைப் பற்றிப் பேசாதே என்ற நெருக்குதல் அதற்குப் பின்னால் இருந்தது. பசித்தவனின் கழுத்தில் கயிறு போட்டுச் சோறு போட்ட கதை அது. அதை நாம் மறக்க வேண்டியதில்லை.

1966 டிசம்பரில் நிலைமையை நேரில் பார்க்க மூன்று அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்தியா வந்தார்கள். அவர்களில் ஒருவர் டோல். இரு கட்சியினரும் கலந்த குழு. இடைக்கால உதவியாக 18 லட்சம் டன் தானியம் வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. இதில் கான்சாஸ் கோதுமை விவசாயியின் நலனும் இருந்ததா? இருந்தது. கையிருப்பு கரைய வேண்டும், விலை நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் பயன் இருந்தால்தான் வியாபாரம் நீடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அதை மறைத்துத் தர்மம் என்று மட்டும் சொன்னால்தான் பொய்.

1972-க்கு வாருங்கள். ஜனாதிபதி தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன். அப்போது குடியரசுக் கட்சியின் தேசியத் தலைவர் டோல். மெக்கவர்னைக் கடுமையாகத் தாக்கிப் பேசியவர். அந்த இருவரும் 1977-ல் ஒன்றாக உட்கார்ந்து, அமெரிக்க ஏழைகளுக்கான உணவு முத்திரைத் திட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். ஏழை முன்பணம் கட்டித்தான் முத்திரை வாங்க வேண்டும் என்றிருந்த விதியை நீக்கினார்கள்.

2000-ல் இருவரும் பதவியில் இல்லாத முதியவர்கள் அல்ல என்று சொல்ல வேண்டும். டோல் ஓய்வு பெற்றிருந்தார். மெக்கவர்ன் ரோம் நகரில் ஐ.நா. உணவு அமைப்புகளுக்கான அமெரிக்கத் தூதராக இருந்தார். ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குப் பள்ளியில் உணவு தர வேண்டும் என்று சேர்ந்து குரல் கொடுத்தார்கள். சோறு போட்டால் பிள்ளை பள்ளிக்கு வரும் என்பது காமராஜர் ஆட்சியிலேயே நாம் கண்ட உண்மை. அந்த ஆண்டில் கிளிண்டன் 30 கோடி டாலரில் ஒரு முன்னோட்டத் திட்டம் அறிவித்தார். 2002-ல் புஷ் காலத்தில் அது நிலையான சட்டமானது. இருவர் பெயரையும் சேர்த்து மெக்கவர்ன் – டோல் திட்டம் என்றே பெயர் வைத்தார்கள். 2023-ல் இதற்கு ஒதுக்கப்பட்டது சுமார் 24 கோடி டாலர். வங்காளதேசப் பிள்ளைகளும் இதில் பயன் பெற்றார்கள். இலங்கைப் பிள்ளைகளும் பெற்றார்கள். 2008-ல் இருவருக்கும் சேர்த்து உலக உணவுப் பரிசு கிடைத்தது.

ஆனால் 2025-ல் என்ன நடந்தது? அடுத்த நிதியாண்டுக்கான வரவு செலவு முன்மொழிவில், இந்தத் திட்டத்திற்கு ஒரு டாலரும் வேண்டாம் என்று டிரம்ப் அரசு எழுதியது. எழுதியவர் இருவரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். வாக்குரிமை இல்லாத வேற்று நாட்டுப் பிள்ளைக்காகப் பேச ஆள் இல்லாவிட்டால், முதலில் வெட்டு விழுவது அங்கேதான்.

போஸ்னியாவும் ஜெருசலேமும்

நம் நெஞ்சோடு கலந்த இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் போனால் கணக்கு முடியாது.

போஸ்னியாவில் முஸ்லிம்கள் கொன்று குவிக்கப்பட்டபோது, 1991-ல் ஐ.நா. போட்ட ஆயுதத் தடை அடிக்கிறவனையும் அடிபடுகிறவனையும் ஒன்றாக நிறுத்தியது. அடிக்கிறவனிடம் ஏற்கெனவே பீரங்கி இருந்தது. அடிபடுகிறவனின் கையைத்தான் தடை கட்டிப்போட்டது. அந்தத் தடையை நீக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடியவர் டோல். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிகாவில் 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் 26-ம் தேதி, ஜனநாயகக் கட்சியின் லீபர்மனோடு சேர்ந்து டோல் கொண்டுவந்த மசோதா செனட் சபையில் 69-க்கு 29 என்ற கணக்கில் நிறைவேறியது. கிளிண்டன் அதை ரத்து அதிகாரத்தால் தடுத்துவிட்டார். ஆனாலும் அந்த வாக்கெடுப்பு கொடுத்த நெருக்குதல் வீண் போகவில்லை. ஆகஸ்ட் இறுதியில் நேட்டோ விமானங்கள் பறந்தன. நவம்பரில் டேட்டன் உடன்பாடு வந்தது. பதவி விலகிய பிறகும் டோல் ஒதுங்கவில்லை. 1997 முதல் 2001 வரை, காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணையத்தின் தலைவராக இருந்தார். ஸ்ரெப்ரெனிகாவின் கூட்டுப் புதைகுழிகளில் கிடந்த எலும்புகளை மரபணுச் சோதனையால் அடையாளம் கண்டு, ஏறக்குறைய 7,000 பேரின் பெயரை அவர்களின் குடும்பத்திற்குத் திருப்பிக் கொடுத்த அமைப்பு அது. தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஜனாஸா தொழ வைத்து அடக்கம் செய்ய முடிந்தது.

அதே 1995-ல், அதே டோல், அமெரிக்கத் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்ற வேண்டும் என்ற மசோதாவையும் கொண்டுவந்தார். செனட் சபையில் 93-க்கு 5 என்று நிறைவேறியது. 1990-ல் இஸ்ரேல் உள்ளிட்ட ஐந்து நாடுகளுக்குப் போகும் உதவியில் 5 சதவீதத்தைக் குறைக்கலாம் என்று துணிந்து எழுதியவர்தான் இவர்! ஐந்தே ஆண்டில், ஜனாதிபதி வேட்பாளராகக் களத்தில் நின்ற நேரத்தில், இப்படித் திரும்பினார். அவர் எழுதிய அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் 2018 மே மாதத்தில் டிரம்ப் தூதரகத்தை மாற்றினார். பாலஸ்தீன மக்களின் நெஞ்சில் அது ஆறாத புண்.

இரண்டையும் ஏன் சொல்கிறேன்? ஒருவரின் பேச்சைக் கேட்டு ஏமாறவும் கூடாது. ஒரு காரியத்தைப் பார்த்து மொத்தமாகத் தள்ளிவிடவும் கூடாது. மசோதா மசோதாவாக, வாக்கு வாக்காகப் பார்த்து எடை போடத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்ப் பிரதிநிதிகளையும் இப்படித்தான் எடை போட வேண்டும்.

கடைசித் தோல்வி

2012 டிசம்பர் 4. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கை செனட் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. 89 வயது டோல் சக்கர நாற்காலியில் சபைக்குள் வந்தார். அவரது கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, இடக்கையைத் தொட்டு நலம் விசாரித்தார்கள். அவர் போன பிறகு, அவர்களில் பெரும்பாலோர் எதிர்த்து வாக்களித்தார்கள்! 66 வாக்கு தேவை, கிடைத்தது 61. அவரது சொந்த மாநிலமான கான்சாஸின் இரண்டு செனட்டர்களும் கைவிட்டார்கள்.

மரியாதை வேறு, வாக்கு வேறு. சால்வை போர்த்துகிறவர் எல்லாம் நமக்காகக் கை தூக்குகிறவர் அல்லர் என்பதை நாமும் பலமுறை பார்த்திருக்கிறோம்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

அமெரிக்கா கைவிட்ட அந்த உடன்படிக்கையை இந்தியா 2007-லேயே ஏற்றது. அதன் அடிப்படையில் 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. 40 சதவீதத்திற்குக் குறையாத குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை தருகிறது. கடைசிக் காலப் பராமரிப்புக்கும் நாம் வாஷிங்டன் போக வேண்டியதில்லை. பக்கத்தில் கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி நிவாரணப் பணி, ஊர் ஊராகத் தொண்டர்களால் பரவியது. 2008-ல் கேரள அரசு அதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. மார்ஃபின் மருந்து கிடைப்பதை எளிதாக்க 2014-ல் நாடாளுமன்றம் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியது.

சட்டம் இருக்கிறது. நம் தெருவில் அது இருக்கிறதா? பேச்சு வராத பிள்ளையை, யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று அறைக்குள் வைத்திருக்கும் வீடு நம் முஹல்லாவில் இல்லையா? புற்றுநோய் வலியில் இரவெல்லாம் கதறும் பெரியவர் இல்லையா? சக்கர நாற்காலி ஏற முடியாத படிக்கட்டு நம் கடைகளில் இல்லையா? ஏன், நம் பள்ளிவாசலில் இல்லையா?

இளைஞர்களே! உங்கள் முஹல்லாவில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை, நோயாளிகள் எத்தனை என்று வீடு வீடாகக் கணக்கெடுங்கள். அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு வாங்கிக் கொடுங்கள். வணிகப் பெருமக்களே! ரஸ்ஸல் ஊர் மருந்துக் கடையில் வைத்தார்களே ஒரு சுருட்டுப் பெட்டி, அதைப் போல் ஒரு பெட்டி உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் பெட்டியோடு நின்றுவிடாதீர்கள். பெட்டியில் விழும் பணம் ஒரு டோலை எழுப்பி நிறுத்தும். லட்சம் பேரை எழுப்பி நிறுத்தச் சட்டம் வேண்டும். அந்தச் சட்டத்தில் பணம் யார் தருவது என்ற வரி இருக்க வேண்டும்.

அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவரிடம் தார்ச்சாலையோடு சேர்த்து மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் வட்டாரத்துப் பள்ளியில் சிறப்பு ஆசிரியர் எத்தனை பேர்? எங்கள் அரசு மருத்துவமனையில் வலி நிவாரணப் பிரிவு வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறது? சபையில் இதற்காக நீங்கள் எத்தனை முறை எழுந்து பேசினீர்கள்?

படிக்க இயலாத குழந்தை, சாகப்போகும் முதியவர், கடல் கடந்த நாட்டின் பசித்த சிறுமி. இந்த மூவராலும் எந்த வேட்பாளருக்கும் ஒரு வாக்குகூடக் கிடைக்காது. வாக்குக் கிடைக்காத இடத்தில் செய்த வேலைதான் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் உண்மையான எடை. அந்தத் தராசை நாம் கையில் எடுப்போம்.